இடது பக்கத்துச் சத்தம்

போடிநாயக்கனூரில் மலைப்பாதை இறங்கி முடிகிற இடத்தில் மரகதத்தின் ஒர்க்‌ஷாப் இருந்தது. ஒரு தகரக் கொட்டகை, இரண்டு ஜாக்கி, காரை மேலே நிறுத்திக் கீழே நின்று வேலை பார்க்க ஒரு குழி. ஐடிஐ படித்து, மதுரையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து கடை போட்டவர். வயது முப்பத்துநான்கு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கார் வைத்திருப்பவர்களுக்கு அவரவர் காரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பார். வருகிறவர்கள் அவரை வாத்தியாரம்மா என்பார்கள்.

சங்கரபாண்டியன் முதலில் படிக்க வரவில்லை. சண்டை போட வந்தார்.

அவர் ஏலக்காய் வியாபாரி. ஐம்பத்தாறு வயது. எந்தக் கடைக்குள் அவர் நுழைந்தாலும் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், மனைவி விசாலாட்சியையும் அவர் அண்ணன் சுப்பையாவையும் ஏற்றிக்கொண்டு மூணாறுக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார். திரும்பி இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் மிதி தரைவரைக்கும் போய்விட்டது. காரை மலைப்பக்கத்துப் பாறையில் மோத விட்டுத்தான் நிறுத்தினார். முன் சீட்டில் இருந்த சுப்பையாவுக்கு இடுப்பு ஒடிந்தது.

"ஏய், வெளிய வா!"

குழிக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த மரகதம் ஏறி வந்தார்.

"மலைக்குப் போறதுக்கு முந்தி உன்கிட்டதான விட்டேன்? என்ன வேலை பாத்த? என் மச்சான் எந்திரிக்க முடியாமக் கெடக்குறாரு. ஆளைக் கொல்லவா கடை வச்சிருக்க?"

கார் அங்கேதான் நின்றது. முந்தின நாள்தான் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். இடது பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது.

மரகதம் நசுங்கிய பானட்டை நெம்பித் திறந்தார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஊசி போடும் சிரிஞ்சால் உறிஞ்சி ஒரு டீ கிளாஸில் விட்டார். புது பாட்டிலை உடைத்து இன்னொரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றினார்.

ஒன்று இளமஞ்சளாக இருந்தது. மற்றது ஆறிப்போன டிகாஷன் மாதிரி இருந்தது.

"இதை எப்ப சார் கடைசியாப் பாத்தீங்க?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அதுக்குத்தான் நீங்கள்லாம் இருக்கீங்க."

"கார் வாங்கி எத்தனை வருஷம்?"

"ஏழு."

"ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும் சார். மாத்தலைன்னா காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். மலை எறங்குறப்ப பிரேக் சூடாகும். அந்த ஈரம் கொதிச்சு ஆவியாயிரும். அப்புறம் நீங்க மிதிக்கிறது வெறும் காத்து."

"எனக்குப் பாடம் எடுக்காத. இது கறுத்துக் கெடக்குன்னு அன்னைக்கே பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"சொன்னியா?"

"சொன்னேன். ரெண்டு மணி நேரம் குடுங்க, மாத்தித் தர்றேன், மாத்தாம மலைக்குப் போகாதீங்கன்னு சொன்னேன்."

சங்கரபாண்டியனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"சொல்லிட்டா ஆச்சா? சாவி உன் கையிலதான இருந்துச்சு? நீதான வெவரம் தெரிஞ்சவ? ஏன் என்னையத் தடுக்கல? சொல்லு, ஏன் தடுக்கல?"

மரகதத்தின் முகம் கடுகடுத்தது. கையிலிருந்த துணியை முறுக்கினார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார். "பதில் சொல்றேன்."

"உன் பதிலை நீயே வச்சுக்க!"

அவர் கையை வீசியதில் கிளாஸ் பறந்தது. பக்கத்தில் நின்ற வேறொருவருடைய வெள்ளைக் காரின் மேல் கறுத்த ஆயில் வழிந்தது. மரகதம் வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"தள்ளுங்க சார், பெயிண்டைத் தின்னுரும்!"

அவர் அலசிக்கொண்டிருந்தபோதே சங்கரபாண்டியன் போய்விட்டார்.

மதியம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், அதே கோபத்தில் விசாலாட்சியிடம் சொன்னார்.

"அந்தப் பொம்பளையச் சும்மா விடப்போறதில்ல. எல்லாம் அவளால வந்தது."

விசாலாட்சி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான் கார்லதான உக்காந்திருந்தேன். எங்காதுலயும் விழுந்துச்சு."

"நீ பேசாத."

"மேல மூணாவது வளைவுலயே தீஞ்ச வாடை வருதுங்கன்னு நான் சொன்னேன். வாயை மூடுறியான்னு கேட்டீங்க."

சங்கரபாண்டியன் தட்டைத் தள்ளினார். சோறு தரையில் சிதறியது. விசாலாட்சி அதைப் பார்க்கக்கூட இல்லை.

"இனிமே நீங்க ஓட்டுற கார்ல நான் ஏற மாட்டேன்" என்றார். "எங்கண்ணனைப் பாக்கணும்னா எனக்கு பஸ் இருக்கு."

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் அப்படிப் பேசியதில்லை. பேசியபடியே செய்தார். தேனி ஆஸ்பத்திரிக்குத் தினமும் சாப்பாட்டுக் கூடையோடு பஸ்ஸில் போனார். புருஷனோடு பேச்சை நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கரபாண்டியன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கோபம் தணிந்து வரவில்லை.

"எனக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடு" என்றார். "இனிமே எவனும் எவளும் எனக்கு வந்து சொல்லக் கூடாது. எல்லாம் எனக்கே தெரியணும்."

"சரி" என்றார் மரகதம்.

"அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில்?"

"முதல்ல படிங்க."

நாலைந்து கார்க்காரர்கள் நின்றார்கள். மரகதம் ஒரு காரின் இன்ஜின் ஆயில் அளக்கும் குச்சியை உருவித் துடைத்துவிட்டு, திரும்பச் செருகி உருவிக் காட்டினார்.

"முதத் தடவை பாக்கிறது கணக்கில்ல. துடைச்சுட்டு ரெண்டாந்தடவை பாக்கணும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கணும்."

"சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்ற" என்றார் சங்கரபாண்டியன்.

"நீங்க உருவுங்க."

அவர் வேறொரு காரின் பானட்டைத் திறக்கப் போனார். கொக்கி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஏழு வருஷம் கார் ஓட்டியவர் விரலை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டே நின்றார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பானட்டைக் கையால் ஓங்கி அடித்தார். அப்புறம் மறுபடியும் தடவினார்.

அடுத்த வாரமும் வந்தார். டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. காலையில் காரை எடுத்ததும் அது நின்ற தரையைப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அது எந்த நிறம் என்று பார்க்க வேண்டும். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். எந்தக் கியரில் மலை ஏறினோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்தார்.

மூன்றாவது வாரம், கூட வந்திருந்த ஒரு டீச்சர் ஒரே சந்தேகத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"ஒரு தடவை சொன்னா ஏறாதா? உன்னை நம்பி எப்படிப் பிள்ளைகளை விடுறாங்க?" என்று சங்கரபாண்டியன் சீறினார்.

மரகதம் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் அடித்தார். கொட்டகையே அதிர்ந்தது.

"இங்க கத்தக் கூடாது!" என்றார். "கத்தணும்னா ரோட்டுல போய்க் கத்துங்க. அவங்க பத்துத் தடவை கேப்பாங்க. நான் பத்துத் தடவையும் சொல்லுவேன்."

சங்கரபாண்டியன் கழுத்து நரம்பு புடைக்க நின்றார். அவரை இப்படி அதட்டியவர்கள் யாருமில்லை. போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. ஆனால் அந்த டீச்சர் அன்றைக்கு அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வரவும் இல்லை.

மரகதம் சங்கரபாண்டியனிடம், "டீச்சர் வரலை, கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார் அவர்.

ஆறு வாரம் ஆயிற்று. கார் டிங்கரிங் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. இடது பக்கக் கதவும் முன் சீட்டும் புதுசு. சுப்பையா கோலூன்றி நாலு எட்டு நடந்தார். விசாலாட்சி இன்னும் பஸ்ஸில்தான் போனார்.

சங்கரபாண்டியன் நோட்டை மரகதத்தின் முன்னால் போட்டார்.

"எல்லாம் படிச்சாச்சு. எங்க வேணாலும் கேளுங்க. இப்பவாவது பதில் சொல்லுங்க. ஏன் என்னையத் தடுக்கல?"

'நீ' எப்போது 'நீங்க' ஆனது என்று அவருக்கே தெரியாது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

"அடுத்த வாரம் உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

"அவ என் கார்ல ஏற மாட்டா."

"பஸ்ல வரச் சொல்லுங்க."

விசாலாட்சி வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்து, கொட்டகை வாசலில் நின்றார்.

சங்கரபாண்டியனின் காரை முந்தின நாளே வாங்கி நிறுத்தியிருந்த மரகதம், அதன் சாவியை அவரிடம் கொடுத்தார்.

"இந்தக் கார்ல நான் ஒரு குறை வச்சிருக்கேன். ஆபத்தில்லாத சின்னக் குறைதான். கண்டுபிடிங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆயில் பார்த்தார். ரேடியேட்டரில் கூலன்ட் பார்த்தார். பிரேக் ஆயில், பேட்டரி, பெல்ட், விளக்குகள், வைப்பர். நாலு டயருக்கும் காற்று அளந்தார். குனிந்து தரையைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஒரு குறையும் இல்ல."

"ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க. அக்கா, நீங்களும் ஏறுங்க. முன்னால உக்காருங்க."

விசாலாட்சி அசையவில்லை. அது அவர் அண்ணன் உட்கார்ந்திருந்த இடம்.

"நான் பின்னால இருக்கேன்க்கா" என்றார் மரகதம். "சமதரை ரோடுதான். மெதுவாத்தான் போகப்போறோம். நீங்க சொன்னா நிறுத்திருவோம்."

விசாலாட்சி ஏறிக் கதவைச் சாத்தினார். ஒரு கையால் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

கார் தேவாரம் ரோட்டில் போனது. சங்கரபாண்டியன் இரண்டாவது கியர், மூன்றாவது கியர் என்று மாற்றிப் பார்த்தார். பிரேக் மிதித்துப் பார்த்தார். ஸ்டியரிங்கை லேசாக விட்டுப் பிடித்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவர் குரல் உயர்ந்தது.

"பிரேக் நல்லாருக்கு. கிளட்ச் நல்லாருக்கு. இழுக்கல, உதறல. ஒண்ணுமே இல்ல. என்னைய வச்சு வேடிக்கை பாக்குறீங்களா? ஏழு வாரமா நாயா வந்து போறேன். குறை இருக்குன்னு சும்மா சொல்லிட்டு... எங்க இருக்கு குறை? காட்டுங்க! எங்க இருக்கு?"

ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினார். ஹாரன் அலறியது.

"ஓரமா நிறுத்துங்க" என்றார் மரகதம்.

கார் ஒரு புளியமரத்தடியில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

விசாலாட்சி புருஷனின் முகத்தைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த கையைப் பார்த்தார்.

"பரவால்லக்கா, சொல்லுங்க."

"டிக் டிக்குன்னு ஒரு சத்தம்" என்றார் விசாலாட்சி மெல்ல. "என் பக்கத்து முன் டயர்ல. வேகமாப் போனா சத்தமும் வேகமா வருது. கெளம்புனதிலருந்தே கேட்டுச்சு."

"ஆமாக்கா" என்றார் மரகதம். "டயர் ரப்பர்ல ஒரு சின்ன ஸ்குரு ஏத்தி வச்சேன். காத்து எறங்காது. சார் காத்து அளந்தப்ப அது அடியில தரையோட இருந்துச்சு. ஓடும்போது அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் கேக்கும்."

சங்கரபாண்டியன் மனைவியின் பக்கம் திரும்பினார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"கெளம்புனதிலருந்தே கேட்டுச்சா? அப்புறம் ஏன் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? ஏன் சொல்லல?"

விசாலாட்சி கதவோடு ஒண்டினார். அவர் கை கதவுப் பிடிக்குப் போயிருந்தது.

சங்கரபாண்டியன் அந்தக் கையைப் பார்த்தார்.

அவரே கையை நீட்டி இன்ஜினை அணைத்தார்.

பின் சீட்டிலிருந்து மரகதத்தின் குரல் வந்தது. அதிலும் கோபம் இருந்தது. அது யார்மேல் என்று அவர் சொல்லவில்லை.

"அன்னைக்கு ஏன் தடுக்கலைன்னு கேட்டீங்கல்ல சார். சாவி என் கையிலதான் இருந்துச்சு. அக்கா மாதிரி நானும் உங்க முகத்தைப் பாத்தேன். சாவியைக் குடுத்துட்டேன்."