நுரை ததும்பிய காபி

சிவசைலம் முதலாளி விற்ற பாத்திரம் துலக்கும் பசையின் டப்பாவில் மூன்றே சொற்கள் கொட்டை எழுத்தில் மின்னும்: "ஒரே அலசலில் பளபளப்பு."

அவரிடம் கலவைத் தொட்டி கிண்டிய இசக்கியம்மாள், தேங்காயெண்ணெயிலும் சோளச் சர்க்கரையிலும் எடுத்த, மண்ணில் மட்கிப்போகும் சரக்கை வைத்துப் புதுப் பசை ஒன்றைக் கலக்கிக் கொண்டுவந்தாள். முதலாளி தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னட்டி இது, நுரையே காணோம்? நுரைதான் சுத்தம்! நாளைக்குள்ள என் பசை மாதிரி மலையா நுரைக்கணும். இல்லன்னா வேலைக்கு வராத."

"சரி மொதலாளி. முதல்ல காபி குடிங்க."

அவர் கண்ணெதிரிலேயே ஒரு தம்ளரை அவருடைய பசையாலும் இன்னொன்றைத் தன் பசையாலும் தேய்த்தாள். இரண்டையும் ஒரே முறை அலசிக் காபியை ஊற்றினாள். அவர் பசை பட்ட தம்ளரில் நுரை விளிம்பைத் தாண்டி எழுந்து நின்றது.

"பாத்தியா! இதுல்லா காபி!" என்று அதையே எடுத்து ஒரு மடக்குக் குடித்தவர், வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"என்னத்தட்டி கலந்த?" என்றபோது உதட்டில் குமிழி கட்டியது.

"ஒண்ணும் கலக்கல மொதலாளி. டப்பாவுல நீங்க போட்டிருக்க மாதிரி ஒரே அலசல்தான். நாலு குடம் ஊத்தியிருந்தா ஒருவேளை போயிருக்கும்."

தொட்டியடியில் நின்றவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். முதலாளி மற்ற தம்ளரை எடுத்து அடிவரை குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "உன் பசையில நாளைக்கு எத்தனை தொட்டி போடலாம்?"