நேரம் கடத்துகிறவள்

ஒரு வருஷமாக முப்புடாதி பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தாள். யார் மேல் அத்தனை கோபம் என்று கேட்டால் ஒரே பெயர்தான் வரும். ஜெனிஷா. மலையடிக் கல்லூரிக்காரி.

போன வருஷக் கதை அது. கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் மல்யுத்தப் போட்டியில் இரண்டு கல்லூரியும் சமமாக வந்து நின்றன. கடைசிக் குஸ்தி இவர்கள் இருவருக்கும். யார் ஜெயிக்கிறாளோ அவள் கல்லூரிக்குக் கோப்பை. ஜெனிஷா ஒரே ஒருதரம் முப்புடாதியை வட்டத்துக்கு வெளியே தள்ளி ஒரு புள்ளி வாங்கினாள். வாங்கியதும் கடையைச் சாத்திவிட்டாள்.

முதலில் கொண்டை அவிழ்ந்துவிட்டது என்று கையைத் தூக்கினாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். கொண்டையைக் கட்டி முடித்தால் ஷூ கயிறு. கயிறு முடிந்தால் முழங்கால் வலி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் மூச்சு வாங்கிக்கொள்வாள், முப்புடாதிக்கு ஏறியிருந்த சூடு ஆறிப்போகும். மறுபடி விசில் ஊதினால் பின்னால் பின்னால் போய் வட்டத்தைச் சுற்றுவாள். நடுவர் எச்சரித்தார். எச்சரிக்கைக்கெல்லாம் பயப்படுகிற ஜாதியா அவள்?

முப்புடாதி பொறுக்கமாட்டாமல் நடுவர் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்து, "சார், ஓடுதா சார்! பாருங்க சார்!" என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கோப்பை மலையடிக்குப் போனது.

இந்த வருஷமும் அதே இரண்டு கல்லூரி, அதே இறுதிப் போட்டி. முப்புடாதிக்கு இது படிப்பின் கடைசி வருஷம். இதைவிட்டால் இன்னொரு போட்டி கிடையாது. அவள் கல்லூரியோ இதுநாள்வரை அந்தக் கோப்பையைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

காலையில் எடை பார்த்தார்கள். எடை கூடிவிடக் கூடாதே என்று முந்தின நாளிலிருந்து முப்புடாதி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தராசு முள் சரியான இடத்தில் நின்றதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நேராக வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கத்தியது.

வெளியே வேப்பமரத்தடியில் சந்தனமாரி மேடம் நின்றிருந்தார். பயிற்சியாளர். முப்பத்தைந்து வயதுகூட ஆகாத பெண். ஒரு காலத்தில் நிறையக் குஸ்தி போட்டதில் இடது காது மட்டும் நசுங்கிய வடை மாதிரி இருக்கும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது. கையில் இட்லிப் பார்சல் வைத்திருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றாள் முப்புடாதி. கண் பார்சல் மேலேயே இருந்தது.

"கேளு."

"நேரம் கடத்துறவள எப்படி ஜெயிக்கது?"

"நல்ல கேள்வி. வா, சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்."

இருவரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மேடம் எழுந்து, "இங்க வெயிலடிக்கு" என்று அடுத்த பெஞ்சுக்குப் போனார். முப்புடாதியும் போனாள். மேடம் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, "கை கழுவுனியா?" என்றார். ஓடிப்போய்க் கழுவிவிட்டு வந்தாள். "சோப்புப் போட்டுக் கழுவுனியா?" என்றார். மறுபடி ஓடினாள். திரும்பி வந்தால் மேடம் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து, நிதானமாகக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு பார்சல் நூலில் விழுந்த முடிச்சை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டினார், சுரண்டினார், சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அறுத்துருங்க மேடம்."

"நூலு வீணாப் போயிரும்லா."

முடிச்சு அவிழ்ந்தது. காகிதத்தை ஒரு மடிப்பு பிரித்தார். சாம்பார் வாசம் வந்து முப்புடாதியின் மூக்கில் அறைந்தது. மேடம் காகிதத்தில் அச்சாகியிருந்த பழைய செய்தியைப் படிக்க ஆரம்பித்தார்.

"மேடம்! வேணும்னே நேரம் கடத்துதீங்க!"

"அப்படியா தெரியுது?"

அன்றைக்கு நடுவராக வந்திருந்த தேவசகாயம் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். முப்புடாதி அவர் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்தாள். "சார், நீங்களே பாருங்க சார். நேத்துலேருந்து பட்டினி சார். இவுக பண்ணுத அநியாயத்தப் பாத்தீங்களா?"

தேவசகாயம் மீசையைத் துடைத்துக்கொண்டார். "இட்லிக்கு விதிமுறை எழுதலியேம்மா" என்றார்.

அவள் திரும்பியபோது இலையில் இருந்த இட்லிகளில் ஒன்றைக் காணோம். மேடத்தின் கன்னம் உப்பியிருந்தது.

"அய்யோ!"

மேடம் மென்று விழுங்கிவிட்டு அடுத்த இட்லியின் மேல் கையை வைத்தார். அவ்வளவுதான். முப்புடாதி பாய்ந்தாள். பார்சல் அவள் கைக்கு வந்தது. சட்னியும் சாம்பாரும் கலந்து வழிய, நின்றபடியே அள்ளி அள்ளி வாயில் போட்டாள். விக்கல் எடுத்தது. மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கடைசி இட்லியில்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. "கேட்டதுக்குப் பதில் சொல்லலியே மேடம்."

"சொல்லலியா?" என்றார் மேடம். "சரி, நான் ஒண்ணு கேக்கேன். போன வருஷம் கடைசி நிமிஷம் அவ ஓடுனா."

"ஆமா மேடம். ஓடுகாலி."

"அதுக்கு முந்தி இருந்த நிமிஷமெல்லாம் நீ என்ன பண்ணுன?"

"அவ உள்ள வருவா, வந்ததும் கழுத்தைப் பிடிச்சு மடக்கிப் போடலாம்னு காத்துக்கிட்டிருந்தேன்."

"அவளும் வரல, நீயும் போகல."

"நாம எப்பவும் அப்படித்தான மேடம்? காத்திருந்து மடக்குதது. அது நம்ம காலேஜு ஸ்டைலு."

"ஓகோ" என்றார் மேடம். "நாம நின்னா ஸ்டைலு. அவ நின்னா இழுத்தடிப்பு."

முப்புடாதி இலையை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். பிறகு குப்பைத் தொட்டியைத் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் அரங்கம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் மலையடிக் கல்லூரிப் பெண்கள் தட்டுகளைத் தட்டினார்கள். இந்தப் பக்கம் கூட்டாளிகள் தொண்டையைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சொல்லி வைத்ததுபோல இந்த வருஷமும் எல்லாக் குஸ்தியும் முடிந்து இரண்டு கல்லூரியும் சமம். மிச்சம் இருந்தது முப்புடாதியும் ஜெனிஷாவும்தான்.

விசில் ஊதியதும் முப்புடாதி உள்ளே போனாள். ஜெனிஷாவே கொஞ்சம் திகைத்துப்போனாள். காத்திருந்து மடக்கும் கல்லூரியிலிருந்து ஒருத்தி வாசலை உடைத்துக்கொண்டு வருவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பழக்கமில்லாதவள் உள்ளே போனால் என்ன ஆகும்? முப்புடாதி தலையை அதிகமாக நீட்டிவிட்டாள். ஜெனிஷா அதைப் பிடித்துக் கவிழ்த்துப் போட்டாள். இரண்டு புள்ளி.

"ஏட்டி முப்பு, நம்ம ஸ்டைல விட்டுட்டு என்னட்டி பண்ணுத?" என்று கூட்டாளிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இடைவேளை வந்தது. முப்புடாதி மூலைக்கு வந்து உட்கார்ந்தாள். மேடம் துண்டால் விசிறினார். ஏதாவது சொல்லுவார் என்று முப்புடாதி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி குடி" என்றார் மேடம்.

மறுபாதி தொடங்கியதும் ஜெனிஷா கடையைச் சாத்தினாள். கொண்டை அவிழ்ந்தது. நடுவர் தேவசகாயம் ஆட்டத்தை நிறுத்தினார். முப்புடாதியின் இரண்டு கையும் தாமாகவே மேலே எழும்பின. பாதி தூரம் எழும்பியவை நின்றன. அவள் கையைக் கீழே போட்டுவிட்டு, வட்டத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். ஜெனிஷா கொண்டை போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். எதிராளி குதிக்காமல் கத்தாமல் சும்மா நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. கொண்டை இந்தத் தடவை சீக்கிரமே முடிந்துவிட்டது.

விசில். ஜெனிஷா வழக்கம்போல ஒரு அடி பின்னால் வைத்தாள். அந்த அடி தரையைத் தொடுமுன் முப்புடாதி அவள் நெஞ்சில் தலையை முட்டியிருந்தாள். தள்ளு தள்ளு என்று தள்ளி வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டாள். ஒரு புள்ளி. திரும்ப விசில். மறுபடி உள்ளே. இந்தத் தடவை தலையை நீட்டவில்லை. காலைக் கவ்விக் கவிழ்த்தாள். இரண்டு புள்ளி.

மூன்றுக்கு இரண்டு. முப்புடாதி முன்னால். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் பாக்கி. அரங்கமே கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது.

"பின்னால வாட்டி! ஓடு! சுத்து, சுத்து!"

ஒரு வருஷமாக மலையடிக்காரிகளை ஓடுகாலிகள் என்று வாய்கூசாமல் வைதுகொண்டிருந்த அதே கூட்டாளிகள்தான். குற்றம் சொல்வானேன்? கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் யாருக்குத்தான் கொள்கை ஞாபகம் வரும்? முப்புடாதியின் காலும் பின்னால் இரண்டு அடி வைத்துவிட்டது.

அப்போது ஜெனிஷா நடுவர் பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் விரித்தாள். "சார், ஓடுதா சார்! பாருங்க சார்!"

முப்புடாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உயிர் போகிற நேரத்தில், பல்லில் மாட்டிய உறை தெரிய, வாய்விட்டுச் சிரித்தாள். மூலையைப் பார்த்தாள். அங்கே சந்தனமாரி மேடம் நாற்காலி மேலேயே ஏறி நின்று, துண்டைச் சுழற்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. விழுந்துதான் தெரியவேண்டுமா? மேடம் என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியாதா?

"ஏ புள்ள, இங்க பாரு" என்றாள் முப்புடாதி. "வாரேன்."

ஜெனிஷா திரும்பிய பிறகுதான் உள்ளே போனாள்.

போனது வினையாகத்தான் முடியப் பார்த்தது. ஜெனிஷா லேசுப்பட்டவள் இல்லை. வந்தவளின் வலது காலைக் கவ்வித் தூக்கிவிட்டாள். முப்புடாதி ஒற்றைக் காலில் நொண்டினாள். ஜெனிஷா உந்தினாள், இவள் அவள் தோளை அமுக்கிக்கொண்டு நொண்டினாள். விழுந்தால் இரண்டு புள்ளி, கோப்பை போயிற்று. மலையடிப் பக்கம் தட்டுகள் அலறின. இந்தப் பக்கம் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். வட்டத்தைச் சுற்றி நொண்டி நொண்டி, இனி ஒரு நொண்டு நொண்டினால் விழுந்துவிடுவாள் என்கிற இடத்தில் மணி அடித்தது.

ஜெனிஷா காலை விட்டாள். இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"சும்மா நின்னிருந்தாலே ஜெயிச்சிருப்பியே, லூசு" என்றாள் ஜெனிஷா மூச்சிரைக்க.

"ஆமால்லா" என்றாள் முப்புடாதி.

தேவசகாயம் முப்புடாதியின் கையைத் தூக்கினார். அதற்குள் கூட்டாளிகள் வந்து அவளைத் தூக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் ஊர் திரும்பும் வேனில் ஒரே பாட்டும் கும்மாளமும். கோப்பையில் முறுக்கு போட்டு ஆளாளுக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னால் சந்தனமாரி மேடம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியபடி உட்கார்ந்திருந்தார். முப்புடாதி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

மேடம் தலையை ஆட்டினார்.

"கடைசில அத்தன பேரும் பின்னால வா, பின்னால வான்னு கத்துதாக. நம்ம பிள்ளைக எல்லாரும்தான். எனக்கே காலு பின்னால போயிருச்சு. நீங்க ஒரு ஆளு மட்டும் எப்படி மேடம் நாற்காலில ஏறி நின்னு உள்ள போன்னு சொன்னீங்க? கோப்பை போயிருமேன்னு பயமே இல்லையா?"

மேடம் வெந்நீரை ஒரு வாய் குடித்தார். மூடியைத் துடைத்தார். பிளாஸ்க்கைத் திருகி மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"சொல்லுங்க மேடம்."

தொண்டை கட்டிப்போயிருந்தது. காற்றாகத்தான் குரல் வந்தது.

"நானும் பின்னால வான்னுதாம்ட்டி கத்துனேன்."