கடமான் தலைவரின் முன்னேற்பாடு

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு தட்டைப் பாறை இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பங்குனி மாதத்தில் அந்தப் பாறைமேல் நாடகம் நடக்கும்.

நடத்தியது அந்தக் காட்டு விலங்குகளே சேர்ந்து அமைத்த ஒரு நாடகக் குழு. அதில் யாருக்கும் நடிப்பு தொழில் அல்ல. பகலில் மேய்வார்கள், கிழங்கு தோண்டுவார்கள், பழம் பறிப்பார்கள். வெயில் சாய்ந்ததும் ஒத்திகைக்கு வந்துவிடுவார்கள்.

குழுவுக்குத் தலைவர் கடமான். இலை அசைந்தால் அதன் காது நிமிரும். காது நிமிர்ந்தால் கால் ஓடத் தயாராகும். காட்டில் உயிர் பிழைக்க அது நல்ல குணம். குழு நடத்தவும் அதுவே போதும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

செயலாளர் காகம். யார் எதைச் சொன்னாலும் "அப்படி ஆகிவிட்டால்?" என்று கேட்கும். இயக்குநர் கரடி. யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்று சொல்லும். இந்த மூவரும் சேர்ந்துதான் குழுவை நடத்தினார்கள்.

ஒருநாள் காட்டுப்பன்றிகள் யானையம்மாவிடம் முறையிட்டன. ஓடைக்கரையில் எந்த இடம் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வது யானையம்மாதான்.

"அம்மா, அந்தப் பாறை வருடம் முழுக்கச் சும்மா கிடக்கிறது. எங்களுக்குக் கொடுத்தால் முதுகு தேய்த்துக்கொள்வோம். நாடகம் நாடகம் என்கிறார்கள். போன வருடம் பாதியிலேயே நின்றது. பாதி நாடகத்துக்கு எதற்கு முழுப் பாறை?"

யானையம்மா கடமானைக் கூப்பிட்டது.

"இந்த வருடம் நான் வந்து பார்ப்பேன். நாடகம் கடைசி வசனம் வரை நடந்தால் பாறை உங்களுக்கு. பாதியில் நின்றால் பன்றிகளுக்கு. அவ்வளவுதான்."

கடமானுக்கு அன்றிலிருந்து புல் இறங்கவில்லை.

அந்தப் பாறையை விட்டால் வேறு மேடை இல்லை. சுற்றிலும் முள்ளும் சேறும். பாறை போனால் குழுவும் போயிற்று. 'என் தலைமையிலா அது போக வேண்டும்?' என்று நினைத்து நினைத்து, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றது.

மறுநாளே கூட்டம் போட்டார்கள்.

அந்த ஆண்டு நாடகத்தின் பெயர் 'ராஜா தொலைத்த செங்கோல்'. ராஜா வேடம் தலைவருக்குத்தான்; அது குழுவின் வழக்கம். கொம்பில் கொன்றைப் பூவைச் சுற்றினால் கிரீடம் தயார். மந்திரி ஆமை. தளபதி குரங்கு. ராணி மயில். வாயில்காவலன் முயல்.

காகம் தொண்டையைச் செருமிக்கொண்டது. "போன வருடம் நாடகம் ஏன் நின்றது என்பதை முதலில் பேசுவோம். முயல் வசனத்தை மறந்தது."

"மறந்தேன். இல்லை என்று சொல்லவில்லை," என்றது முயல். "ஆனால் மூன்று மூச்சு விடுவதற்குள் நினைவு வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் தலைவர் மேடைக்குத் தாவி வந்து, 'நாடகம் இத்துடன் நிறைவு பெற்றது' என்று அறிவித்துவிட்டார்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கடமான் காதை மடக்கிக்கொண்டது.

"பழைய கதை எதற்கு? இந்த வருடம் ஒரு சொல் கூடத் தவறக் கூடாது," என்றது.

"ஒரு சொல் தவறக் கூடாது என்று யானையம்மா சொல்லவில்லையே. முடிக்கத்தானே சொன்னார்," என்றது முயல்.

"இரண்டும் ஒன்றுதான்!" என்றது கடமான்.

வாயில்காவலன் வேடம் அங்கேயே நீக்கப்பட்டது. பின்னால் தொங்கும் கோரைத் திரைக்கு மறுபுறம் உட்கார்ந்து, யாராவது மறந்தால் வசனத்தை எடுத்துக்கொடுக்கும் வேலை முயலுக்கு வந்தது. முழு நாடகத்தையும் தேக்கிலைகளில் எழுதி அதன் மடியில் வைத்தார்கள்.

இரண்டு நாள் ஒத்திகை ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் காகம் கேட்டது:

"எடுத்துக்கொடுப்பவளே மறதிக்காரி. அவள் தூங்கிவிட்டால்?"

கடமானின் காது நிமிர்ந்தது. "குரங்கே, நீ முயலுக்குப் பக்கத்தில் உட்கார். அவள் கண் மூடினால் தட்டி எழுப்பு."

"நான் தளபதி ஆயிற்றே, தலைவரே! வாள் சுற்றும் காட்சியில் நான் அல்லவா வருகிறேன்?"

"தளபதிக்கு மூன்று வசனம்தானே? அதை மந்திரி சேர்த்துச் சொல்லிவிடுவார். என்ன, கரடியாரே?"

"ஆகட்டும்," என்றது கரடி.

மூலையில் இருந்த ஆமை கழுத்தைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் காகம் மறுபடி வந்தது. "குரங்கு கை சும்மா இருக்காது. தேக்கிலைகளைக் கலைத்துவிட்டால்?"

"கரடியாரே, குரங்கின் வாலைப் பிடித்துக்கொள்ளுங்கள்," என்றது கடமான்.

"ஆகட்டும். அப்படியானால் மேடையை யார் பார்ப்பது?"

கரடி அந்த மாதம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கரடியும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

ஏழாம் நாள் மயிலின் முறை.

"மழை வந்துவிட்டால்?" என்றது காகம்.

"பங்குனியிலா?" என்றது மயில்.

"பங்குனியில் மழை பெய்யக் கூடாது என்று மேகத்துக்கு யார் சொன்னது?"

மழையை மயிலைவிட நன்றாக அறிந்தவர் யார்? ராணியை மருத மரத்தின் உச்சியில் ஏற்றினார்கள். கறுத்த மேகம் தெரிந்தால் உடனே அகவ வேண்டும். மயில் ஏறும்போது முணுமுணுத்துக்கொண்டே ஏறியது: "இந்தத் தோகையை வைத்துக்கொண்டு இலைக்குள் உட்காருவதற்கா ஒரு வாரம் நடை பழகினேன்?"

ராணி தாய்வீடு போயிருப்பதாக மந்திரி சொல்லிவிடுவார் என்று முடிவாயிற்று. மந்திரிக்கு இன்னும் ஒரு வசனம் கூடியது. ஆமையின் கழுத்து இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

பிறகு காகத்துக்குத் தான் போட்ட திரை முடிச்சின்மேலேயே சந்தேகம் வந்தது. "திரை அவிழ்ந்து விழுந்துவிட்டால்?" என்று கேட்டு, தானே மூங்கில்மேல் உட்கார்ந்து முடிச்சை இரு கால்களாலும் பிடித்துக்கொண்டது. சாப்பிடக்கூட இறங்கவில்லை.

ஆக, மேடையில் மிஞ்சியது ராஜாவும் மந்திரியும்.

கடமான் ராஜா உடையில் நடுவில் நின்றது. முதுகுக்குப் பின்னால் திரை. திரைக்குப் பின்னால் ஏதோ சரசரப்பு. குரங்கா? தேக்கிலையா? முடிச்சு நழுவுகிறதா? முன்னால் பார்க்கும்போது பின்னால் காது போனது. காது போன பக்கம் தலையும் போனது. சொல்ல வேண்டிய வசனம் பாதியில் நின்றது.

"இங்கே நின்றால் அங்கே நடப்பது எனக்குத் தெரியாது," என்றது கடமான். "நானும் திரைக்குப் பின்னால் வந்துவிடுகிறேன். ராஜா உள்ளேயிருந்து பேசட்டும். குரல் கேட்டால் போதும்."

"ராஜா இல்லாத அரசவையா?" என்று முயல் கேட்டது.

"ராஜாவுக்கு உடம்பு சரியில்லை என்று மந்திரி சொல்வார்," என்றது காகம்.

"மந்திரி, மந்திரி! அந்த ஆமையாரை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றது முயல்.

கேட்கவில்லை. ஆனால் கடமான் அன்று முதல் ஆமையை விடவில்லை. காலையில் ஓடைக்கரையில் போய், "ஆமையாரே, முதல் வசனம் நினைவிருக்கிறதா?" என்றது.

"'அரசே, செங்கோலைக் காணவில்லை!' நினைவிருக்கிறது, தலைவரே."

நண்பகலில் மறுபடி போனது. "மறந்துவிட மாட்டீர்களே?"

"மாட்டேன், தலைவரே."

வெயில் சாயும்போது மறுபடி. "மொத்தக் குழுவும் உங்கள் ஓட்டின் மேல்தான் நிற்கிறது, ஆமையாரே. நீங்கள் தடுமாறினால் பாறை போயிற்று. பயப்படாதீர்கள்."

அதுவரை ஆமைக்குப் பயம் இல்லை. அன்றுதான் வந்தது.

நாடக நாளும் வந்தது. வெயில் தணிந்த நேரம். யானையம்மா ஓடையைக் கடந்து வந்து முன்வரிசையில் நின்றது. வலப்பக்கம் மான்களும் நரிகளும் கீரிகளும். இடப்பக்கம் பன்றிகள். குளித்துவிட்டுத் தயாராக வந்திருந்தன.

"பாறை நல்ல சூடாக இருக்கும் போலிருக்கிறதே," என்றது ஒரு பன்றி.

"பொறு. இன்னும் நம்முடையது ஆகவில்லை," என்றது இன்னொன்று.

கரடி ஒரு கையில் குரங்கின் வாலைப் பிடித்தபடி, மறு கையால் பொந்து மரத்தில் மூன்று முறை தட்டியது. நாடகம் தொடங்கிவிட்டது.

ஆமை மெல்ல நடந்து பாறையின் நடுவுக்கு வந்தது. இருநூறு கண்கள் அதைப் பார்த்தன. ஆமை வாயைத் திறந்தது.

சரியாக அப்போது திரைக்குப் பின்னாலிருந்து கடமான் கிசுகிசுத்தது: "ஆமையாரே! மறந்துவிடாதீர்கள்!"

ஆமை வாயை மூடியது. கழுத்து உள்ளே போனது. முன்கால்கள் போயின. பின்கால்கள் போயின. கடைசியாக வால்.

பாறையின் மேல் ஒரு கல் இருப்பது போலிருந்தது.

கூட்டம் காத்திருந்தது. "இது ஏதோ புது மாதிரி நாடகம் போலிருக்கிறது," என்று ஒரு கீரி தன் பக்கத்தில் இருந்த நரியிடம் சொன்னது.

திரைக்குப் பின்னால் முயல் முதல் தேக்கிலையை எடுத்துக்கொண்டு, "அரசே, செங்கோலைக் காணவில்லை! அரசே, செங்கோலைக் காணவில்லை!" என்று மெல்ல எடுத்துக்கொடுத்தது. ஓட்டுக்குள் அது எட்டவில்லை.

முயல் இலையைக் கீழே வைத்தது. "தலைவரே, நீங்கள் போங்கள். கொம்பில் பூ இருக்கிறது. 'என் செங்கோல் எங்கே?' என்று கேட்டுக்கொண்டே போங்கள். கதை தானாக நகரும்."

"நான் போனால் இங்கே யார் பார்த்துக்கொள்வது?" என்றது கடமான்.

"இங்கே பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்!"

"குரங்கை அனுப்பலாமே," என்றது கரடி.

"வாலை விட்டால்தானே போக முடியும்!" என்றது குரங்கு.

"விடாதீர்கள்! இலை கலைந்துவிடும்!" என்று மேலேயிருந்து காகம் சீறியது.

வெளியே பன்றிகள் சிரிக்கத் தொடங்கின. யானையம்மாவின் காதுகள் ஒருமுறை அசைந்தன. பிறகு இன்னொரு முறை.

"நான் போகட்டுமா?" என்றது முயல். "ஒரு மாதமாக இந்த இலைகளை மடியில் வைத்திருக்கிறேன். ராஜா, மந்திரி, தளபதி, ராணி, நால்வர் வசனமும் எனக்குப் பாடம். நானே மாற்றி மாற்றிப் பேசிக் கடைசி வரை கொண்டுபோகிறேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாடகம் முடிந்துவிடும்."

கடமான் முயலைப் பார்த்தது. ஒரு கணம் அதன் காதுகள் தளர்ந்தன. 'போ' என்று சொல்ல உதடு பிரிந்தது.

"மறுபடியும் மறந்துவிட்டால்?" என்றது காகம்.

கடமானின் காதுகள் நிமிர்ந்தன.

"வேண்டாம்," என்றது. "கொஞ்சம் பொறுப்போம். ஆமையார் வெளியே வருவார்."

பொறுத்தார்கள். ஓடை ஓடியது. மருத மர உச்சியிலிருந்து மயில் மட்டும் உற்சாகமாகக் கத்தியது: "மேகமே இல்லை, தலைவரே! ஒரு பொட்டு மேகம் கூட இல்லை!"

யானையம்மா அடியெடுத்து முன்னால் வந்தது. தும்பிக்கையால் திரையை ஓரமாக ஒதுக்கிப் பார்த்தது. அங்கே இலையை மடியில் வைத்திருந்த முயல். முயலைக் கண்காணித்த குரங்கு. குரங்கின் வாலைப் பிடித்திருந்த கரடி. மேலே முடிச்சைப் பிடித்திருந்த காகம். நடுவில், கொம்பில் பூச்சுற்றி, நடுங்கிக்கொண்டிருந்த ராஜா.

"இத்தனை பேர் இருக்கிறீர்களே," என்றது யானையம்மா. "நாடகம் எங்கே?"

கரடி குரங்கின் வாலை இன்னும் விடவில்லை.

"பாறை பன்றிகளுக்கு," என்று சொல்லிவிட்டு யானையம்மா ஓடையைக் கடந்து போயிற்று.

மறுநாள் காலை அத்தி மரத்தடியில் குழு கூடியது. வழக்கப்படி செயலாளர் அறிக்கை வாசித்தது.

"இந்த ஆண்டு நாடகத்தில் யாரும் வசனம் மறக்கவில்லை. தேக்கிலை ஒன்றும் கலையவில்லை. மழை வரவில்லை. திரை அவிழ்ந்து விழவில்லை. தலைவரின் முன்னேற்பாடுகளுக்குக் குழு நன்றி தெரிவித்துக்கொள்கிறது."

"ஆகட்டும்," என்றது கரடி.

கடமானின் கொம்பில் வாடிய கொன்றைப் பூ இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. முயல் தேக்கிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடமானின் முன்னால் வைத்துவிட்டு எழுந்தது.

"எல்லோரும் வந்தாயிற்றா?" என்று கடமான் மெல்லக் கேட்டது. "ஆமையார் எங்கே?"

குரங்கு கிளையில் ஏறி ஓடைப் பக்கம் பார்த்தது.

"பாறையில்தான் இருக்கிறார், தலைவரே. இன்னும் வெளியே வரவில்லை."

"என்ன செய்கிறார்?"

"அவர் ஒன்றும் செய்யவில்லை. பன்றிகள்தான் அவர்மேல் முதுகு தேய்த்துக்கொண்டிருக்கின்றன."

நீதி: தவறிவிடுமோ என்று காவலுக்கு ஆள் வைத்துக்கொண்டே போனால், காரியத்தைச் செய்ய ஆள் மிஞ்சாது.