தேரிக்காட்டுக் கண்ணாடி

தேரிக்காட்டில் முள்ளும் செம்மணலும் தவிர வேறொன்றும் கிடையாது. அந்த மணலையே உருக்கிக் கண்ணாடி செய்தால் என்ன என்று திருச்சபை நினைத்தது. இன்னாசி சாமியையும் அவருடைய சீடர் லாசருவையும் அனுப்பி உலை கட்டச் சொன்னது. லாசரு குருவைவிட வயதில் மூத்தவர். ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி.

உலை எரிந்தது. கண்ணாடியும் வந்தது, ஆனால் பாசி படிந்த மாதிரி பச்சையாக வந்தது. அதை யார் வாங்குவார்கள்? ஆயர் வந்து பார்ப்பதற்குள் தெளிந்த கண்ணாடி வராவிட்டால் உலையை மூடிவிடுவார்கள். அதை நம்பிக் குடியேறிய சனங்கள் மறுபடியும் பஞ்சம் பிழைக்க மூட்டை கட்ட வேண்டும்.

மணலின் சிவப்பு போகும்வரை கழுவினால் கண்ணாடி தெளியும் என்று லாசரு கண்டுகொண்டார். கழுவத் தண்ணீர் வேண்டுமே. சமைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துவைப்பது அங்கே வீட்டுக்கு வீடு வழக்கம். இனி அரிசி வேண்டாம், ஒரு குடம் தண்ணீர் தாருங்கள் என்றார் லாசரு. ஆண்டவருக்குக் கொடுப்பதில் கணக்குப் பார்க்கிற சனமா அது? ஒரு குடம் கேட்டவருக்கு இரண்டு குடமாக ஊற்றினார்கள். மணல் குடித்துக்கொண்டே இருந்தது.

ஆயர் வருவதற்கு முந்தின நாள் மதியம், லாசரு ஒரு தம்ளரை வேட்டி முனையில் பொத்தி எடுத்து வந்தார். கையில் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாமி அதைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுல குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாரும்.”

லாசரு போனார். கிணற்றில் வாளி வெறும் சேற்றோடு வந்தது. தெருவின் முதல் வீடான பிரகாசியம்மாள் வீட்டில் குடம் கவிழ்ந்து கிடந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் உதட்டை அவள் ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

“இருந்ததை விடியும்போதே கோயிலுக்கு ஊத்திட்டேன் ஐயா” என்று பெருமையாகச் சொன்னாள்.

அடுத்த வீட்டிலும் அதே பெருமைதான். தெரு, கனவில் வருகிற தெரு போல நீண்டுகொண்டே போனது. எந்தெந்தக் கதவைத் தட்டினோம் என்றே அவருக்கு நினைவில்லை.

வெறும் தம்ளரோடு திரும்பி வந்தார்.

“நாளைக்கு ஆயர்கிட்ட என்ன சொல்லட்டும் சாமி?”

சாமி தம்ளரை வாங்கிக் கண்ணருகே பிடித்துக்கொண்டு அதன் வழியே தூரத்தில் பார்த்தார். அங்கே மணல்மேட்டுக்கு அப்பால் கானல், ஏரி நிறைந்து அலையடிப்பது போல மினுங்கிக்கொண்டிருந்தது.

“தண்ணி தெளிவாத் தெரியுதுன்னு சொல்லும்” என்றார்.