மெஹருக்கான பரிந்துரைக் கடிதம்

"எனக்கா, மெஹருக்கா? யாருக்கு மேடம் கடிதம் கொடுக்கப் போறீங்க?"

வந்ததும் வராததுமாகக் கேட்டான் தேவசகாயம்.

பேராசிரியர் சௌந்தரவல்லி விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"முதல்ல உட்காருப்பா."

அவன் உட்காரவில்லை. நாளிதழைப் பிரித்து மேசைமேல் வைத்தான். மொழியியல் துறை, உதவிப் பேராசிரியர், ஓர் இடம். அப்படி ஒரு வரியை அவன் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மொழியியல் துறைகளில் ஆட்கள் ஓய்வு பெறுவார்கள். யாரும் புதிதாகச் சேர்வதில்லை.

அவரிடம் ஆய்வு செய்த மாணவன் என்றாலும் அவனுக்கு வயது நாற்பத்தொன்று. பத்து வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். மெஹருன்னிசாவும் இதே மேடத்திடம்தான் ஆய்வு செய்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மலை, அந்த மலையில் சில நூறு பேர் பேசும் ஒரே மொழி. இப்போது ஒரே வேலை.

"அடுத்த விளம்பரம் வரும்போது எனக்கு ஐம்பது ஆயிடும் மேடம். வழிகாட்டியோட கடிதம் கேட்கிறாங்க. ரெண்டு பேருக்கும் வழிகாட்டி நீங்க. ரெண்டு பேரும் கெட்டிக்காரங்கன்னு எழுதினா, யாருக்கும் எழுதாத மாதிரிதான்."

"கடிதம்னு கேட்டா வழக்கமா நான் என்ன சொல்லுவேன்?"

"நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்னு சொல்லுவீங்க."

"இப்பவும் அதான். ஆனா உன்னோடதை எழுதாதே. அவளோடதை எழுது."

அவன் முகம் சுருங்கிப்போனது. பக்கத்து அறைக்குப் போனான்.

அரை மணி நேரத்தில் அரைப் பக்கத்தோடு திரும்பினான்.

"மெஹருன்னிசா நேரம் தவறாதவர். குறிப்பேடுகளைத் தூய்மையாகப் பராமரிப்பவர். கருத்தரங்குகளில் அமைதி காப்பவர். கையெழுத்து மிக அழகு."

இந்த ஆள் வேண்டாம் என்று சொல்வதற்குப் பல்கலைக்கழகங்களில் இதைவிட மரியாதையான வழி கிடையாது.

பேராசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு பொய்கூட இல்ல."

"இல்ல மேடம்" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"இது உனக்கு. காலையிலேயே மெஹர் வந்து எழுதிக் கொடுத்துட்டா."

தேவசகாயம் நின்றபடியே படித்தான்.

"தேன் எடுக்கும் மாதன் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் மலையிறங்கிவிட்டோம். தேவசகாயம் மட்டும் தங்கினார். கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, நான்கு நாள் மாதனோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்தார். ஐந்தாம் நாள், அந்தப் பெட்டியை எடு என்று மாதனே சொன்னார். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுவதும் அந்த ஒலிப்பதிவிலிருந்து வந்தது. நான் கேட்காமலேயே அதை எனக்குக் கொடுத்தார். இதுவரை யாரிடமும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இந்த வேலைக்கு நானும் விண்ணப்பிக்கிறேன். அதனால் இதை நானே சொல்வதுதான் முறை."

இரண்டாவது தடவையும் படித்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அவளுக்கு விஷயம் தெரியாது மேடம்."

"என்ன விஷயம்?"

"நான் ஒண்ணும் பெரிய மனசோட கொடுக்கல. எட்டு மாசம் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். ஒண்ணும் பிடிபடல. அதான் தூக்கி அவகிட்ட கொடுத்தேன். அவ ஒரே வாரத்துல வந்து, மாதன் பேச்சுல மூணு விதமான 'அ' இருக்குன்னு சொன்னா. எனக்கு இன்னிக்கும் ஒண்ணுதான் கேட்குது."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு இந்த இரண்டு பேரையும் ரொம்பப் பிடிக்கும். சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"ரெண்டு கடிதத்துலயும், எழுதினவங்க பேருக்குக் கீழ நானும் இன்னிக்கே கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்குத் தபால் கட்டிடுவாங்க."

"மணி என்ன மேடம்?"

"மூணே முக்கால்."

அவன் தன் அரைப் பக்கத்தை எடுத்து நான்காகக் கிழித்தான். மேசைமேலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக்கொண்டு எழுத ஆரம்பித்தான். பேராசிரியர் விடைத்தாளுக்குத் திரும்பினார். ஒரே விடையை மூன்று முறை படித்தும் மதிப்பெண் போடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, குனிந்த தலை நிமிராமல் தேவசகாயம் கையை மட்டும் நீட்டினான்.

"இன்னொரு தாள் கொடுங்க மேடம்."