மூடிய கண்ணைத் திறந்தவர்

"ஒவ்வொரு படமா லென்ஸ் வச்சுப் பாத்துக்கிட்டிருந்தா எனக்கு நூறு வயசு பத்தாது, குருவே" என்றார் மாசிலாமணி.

ஓய்வு பெற்றபின் ஆராய்ச்சி கற்க வந்தவர் அவர். குரு இன்பவல்லிக்கு அவர் மகள் வயதுதான். திண்டுக்கல்லில் மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பழைய படங்களைச் சேர்த்து, யார், எந்த ஊர், எதற்காக எடுத்தது என்று விசாரித்து எழுதிவந்தார் இன்பவல்லி. வேலை ஆமையாக நகர்ந்தது.

சீடருக்குப் பொறுக்கவில்லை. குரு வெளியூர் போன சமயம், எல்லாப் படங்களையும் மொத்தமாக ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளுக்குள் கொட்டிவிட்டார். கீறல் போயிற்று. கறை போயிற்று. கண் சிமிட்டியவர்களுக்குக் கண்ணைக்கூட அது திறந்துவிட்டதாம்.

"நீங்க பாத்தீங்களா?" என்றார் ஊர் திரும்பிய இன்பவல்லி.

"அதான் மிஷின் பாத்துருச்சே."

அன்று மதியம் செம்பாயி என்ற மூதாட்டி வந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அப்பாவுக்கு இருந்தது ஒரே படம். வீட்டிலிருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. ஸ்டுடியோ படங்கள் இங்கே இருப்பதாக யாரோ சொல்லி வந்திருந்தார்.

ஊரும் பேரும் சொன்னதும் மாசிலாமணி படத்தைத் தேடித் திரையில் விரித்தார். பெருமையாகத்தான் விரித்தார்.

செம்பாயி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"செத்த அன்னைக்கு எடுத்த படம்னு எங்கம்மா சொல்லுச்சு. பொய்தான் சொல்லியிருக்கு. உசுரோட என்னையப் பாக்குறாரே."

பிறகு சிரித்தார்.

"எனக்கு அவரு கண்ணுதான். பாருங்க."

மாசிலாமணி அப்போதுதான் பார்த்தார்.

நடுவில் உட்கார்ந்திருந்தவர் கழுத்தில் ரோஜா மாலை. பின்னாலிருந்து இரண்டு பேர் அவர் தோள்களை இறுகப் பிடித்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி, தலை கொள்ளாத பூ. யார் முகத்திலும் சிரிப்பில்லை.

உட்கார்ந்தவரின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துத் துணியால் கட்டப்பட்டிருந்தன.

இன்பவல்லி பெட்டியிலிருந்து அசல் படத்தை எடுத்துச் சீடரின் முன் வைத்தார். அதில் கண்கள் மூடியிருந்தன.

"உங்கம்மா பொய் சொல்லலக்கா." மாசிலாமணி அசல் படத்தைச் செம்பாயி பக்கம் நகர்த்தினார். "அது உங்க அப்பா கண்ணு இல்ல. மிஷின் வச்சது."

"அப்ப யாரு கண்ணு?"

மாசிலாமணி குருவிடம் திரும்பினார்.

"இப்ப நான் என்ன செய்ய?"

"தெறந்தது நீங்க. மூடிவிடுங்க."

மாசிலாமணி கீபோர்டில் கை வைத்தார். செம்பாயி அந்தக் கையைப் பிடித்து ஒதுக்கினார்.

"பெத்த புள்ள நான் இருக்கயில நீ எதுக்குத் தம்பி?"

இரண்டு விரல்களை நீட்டி, இறந்தவரின் இமையை இறக்குவதுபோல், திரையின் மேல் மெல்லக் கீழே இழுத்தார்.

இன்னொரு முறை இழுத்தார்.

"மூட மாட்டேங்குதே, தம்பி."