ஆறு அங்குலம்

போடி மலையடிவாரத்தில் குருவம்மாள் பட்டறை வைத்திருந்தாள். மலை ஏறும் பழைய வண்டிகள் அங்கேதான் வரும். அவளிடம் ஒரு வருடமாக வேலை பழகியவர் வனராஜ். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். சொந்தமாக ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக் வைத்திருந்தார்.

ஒருநாள் அவர் கேட்டார்.

“மேஸ்திரி, வண்டிய எவ்வளவு உயரம் தூக்கலாம்?”

“எதுக்குண்ணே?”

“ஏலக்காத் தோட்டப் பாதையில வண்டி அடி கல்லுல தட்டுது.”

“ஊருக்குப் போயிட்டு வந்து பாக்குறேன்.”

மூன்று நாள் கழித்துக் குருவம்மாள் வந்தாள். பட்டறை வாசலில் டிரக் நெடுநெடுவென்று நின்றது.

“ஆறு அங்குலம்,” என்றார் வனராஜ். முகமெல்லாம் சிரிப்பு. “கமான் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல கட்டை வச்சேன். பெரிய டயர் போட்டேன். ஒரு கல்லு தட்டலை.”

“அதுக்குள்ள மலைக்குப் போயாச்சா?”

“நேத்து. சாயங்காலம் காய் எடுக்குற பொம்பளைங்க பதினோரு பேர இறக்கிட்டு வந்தேன். என் சம்சாரமும் இருந்தா.”

“வளைவுல எப்படி?”

“லேசா ஆடுச்சு. பழகிரும்.”

அவள் டிரக்கைச் சுற்றி வந்தாள்.

“ஜாக்கி எடுங்க. அச்சுக்குக் குடுக்க வேணாம். பின்னாடி சேசிஸ் சட்டத்துக்குக் குடுங்க.”

வனராஜ் ஜாக்கியை ஏற்றினார். வண்டியின் பின்பக்கம் உயர்ந்தது. சக்கரங்கள் மெல்லத் தரையை விட்டுத் தொங்க ஆரம்பித்தன.

“இன்னும்.”

ஏற்றினார்.

“இன்னும் கொஞ்சம்.”

அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஏதோ சொட்டியது.

வனராஜ் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். சேசிஸிலிருந்து அச்சுக்குப் போகும் ரப்பர்க் குழாய் அறுந்து தொங்கியது. பிரேக் ஆயில் அவர் கையில் வழிந்தது.

“பழைய வண்டி. பிரேக்குக்கு ஒரே லைன்,” என்றாள் குருவம்மாள். “இது போனா நாலு சக்கரத்துக்கும் போச்சு.”

“ரோட்டுல சக்கரம் இப்படித் தொங்காதே?”

“பள்ளத்துல இறங்குனா தொங்கும். நேத்து வர்ற வழியில மேல இருக்குற ஓடைப் பள்ளத்துல இறங்கலையா?”

வனராஜ் கையில் வழிந்த ஆயிலைப் பார்த்தார்.

“மண்ணு கொட்டி மூடியிருந்தாங்க. நேத்துதான் மூடுனாங்க...”

ஓடையைத் தாண்டினால் அடிவாரம் வரை இறக்கம்தான். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்.

அவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். நேற்று வண்டியில் வந்தவர்களை ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். ஐந்தாவது பெயர் அவர் மனைவியுடையது.

குருவம்மாள் டிரக்குக்கு அடியில் போய், அறுந்த குழாயைக் கழற்றி எடுத்து வந்தாள்.

“நட்டு, போல்ட்டு எல்லாம் ரெண்டு தடவ முடுக்கினேன் மேஸ்திரி,” என்றார் வனராஜ். “எதுல தப்பு விட்டேன்?”

அவள் குழாயைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு சாண்கூட இல்லை; பழைய நீளம்தான்.

“வண்டிய நீங்க தூக்கிட்டீங்கண்ணே. இதுகிட்ட யாரும் சொல்லலை.”